கம்பியருகே ஒரு காவல்

நுழையும்முன்

நாம் அனுப்பும் குறுஞ்செய்தி, பார்க்கும் காணொலி, செலுத்தும் கட்டணம் ஆகிய அனைத்தும் சிறுசிறு பொட்டலங்களாகப் பிரிந்து ஒளியிழைகளின் வழியே விரைகின்றன. அவற்றுள் தீங்கு செய்ய வருவதை இனங்காண வேண்டுமெனில், ஓடும் வெள்ளத்தை ஓடவிட்டபடியே உற்றுநோக்க வேண்டும். கணிப்பொறியின் மையச் செயலகம் தனித்துச் செய்ய இயலாத இப்பணி, சிறப்பு வன்பொருள்களிடம் ஒப்படைக்கப்பட்ட வரலாற்றைக் கலிபோர்னியாவின் ஓர் ஆய்வகத்தை முன்னிறுத்தி விளக்குகிறது இக்கட்டுரை.

எழுபத்தைந்து சென்ட்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், பெர்க்லி நகரின் குன்றின்மேல் அமைந்திருக்கிறது லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம். 1986-ஆம் ஆண்டு அங்குக் கணிப்பொறிப் பயன்பாட்டு நேரத்துக்குக் கட்டணம் கணக்கிடும் வழக்கம் இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. ஒரு டாலரின் முக்கால் பங்கு. கணக்கர் பலரும் கண்டும் காணாமல் விட்டுவிடக்கூடிய தொகை. வானியலறிஞராக இருந்து கணிப்பொறி மேலாளராக மாறியிருந்த கிளிஃபோர்டு ஸ்டோல் அதை விடவில்லை. கட்டணம் செலுத்தாமல் யாரோ ஒருவர் ஒன்பது நொடி கணிப்பொறியைப் பயன்படுத்தியிருக்கிறார் என்பது தெரியவந்தது. தோண்டத் தோண்ட, ஆய்வகத்தின் கணிப்பொறியைப் படிக்கட்டாக்கிக் கொண்டு அமெரிக்கப் படைத்துறையின் கணிப்பொறிகளுக்குள் ஒருவர் ஏறிக்கொண்டிருப்பது புலப்பட்டது.

ஊடுருவியவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கென ஒரு மென்பொருளை எழுதி அதே கணிப்பொறியில் இயக்கியிருக்கலாம். ஆனால் அந்தக் கணிப்பொறியின் முழு அதிகாரமும் ஏற்கெனவே ஊடுருவியவரின் கையில் இருந்தது. தம்மை ஒரு நிரல் கவனிக்கிறது என்பதை அவர் நொடியில் கண்டுபிடித்து, அதை அழித்துவிட்டுத் தம் தடத்தையும் மறைத்திருப்பார். திருடனிடம் சாவி இருக்கும் வீட்டுக்குள்ளேயே காவலாளியை உறங்கவைப்பது போன்றது அது. ஆகவே ஸ்டோல் வேறொரு வழியை நாடினார். ஒரு வார இறுதியில், அலுவலகமெங்கும் இருந்த அச்சுப்பொறிகளையும் முனையங்களையும் இரவல் பெற்றுவந்தார். வெளியிலிருந்து கணிப்பொறிக்குள் நுழையும் ஏறத்தாழ ஐம்பது தொலைபேசி இணைப்புக் கம்பிகளில் அவற்றைக் கிளையாகப் பொருத்தினார். கம்பியில் எது ஓடினாலும் அது தாளில் அச்சாகியது. கணிப்பொறிக்குள் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஊடுருவியவரால் காண இயன்ற எதுவும் புதிதாகச் சேரவில்லை.

அந்தத் தாள்களைப் பின்பற்றிச் சென்ற தேடல், மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரில் முடிந்தது. அங்கிருந்து திருடப்பட்டவை சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டதும் வெளிவந்தது. இக்கதையை ஸ்டோல் 1989-ஆம் ஆண்டு நூலாக எழுதினார். நமக்கு இங்கே முதன்மையானது துப்பறிந்த கதையன்று. அச்சுப்பொறிகளைக் கம்பியில் பொருத்திய அந்த முடிவுதான். கவனிக்கும் வேலையைக் கவனிக்கப்படும் கணிப்பொறியிலிருந்து பிரித்து, தனியானதொரு கருவியிடம் ஒப்படைப்பது என்னும் கருத்து அதில் தெளிவாக வெளிப்பட்டது.

நொடியைப் பங்கிடுதல்

அக்காலத் தொலைபேசி இணைப்பொன்று நொடிக்கு 1200 பிட் அளவில் இயங்கியது. அதாவது நொடிக்கு ஏறத்தாழ 120 எழுத்துகள். அச்சுப்பொறி அதற்கு ஈடுகொடுத்தது. இன்று ஆய்வகங்களையும் தரவு மையங்களையும் இணைக்கும் ஒளியிழை ஒன்று நொடிக்கு 100 கிகாபிட் சுமக்கிறது. இது பழைய வேகத்தைவிட எட்டுக் கோடி மடங்குக்கும் மேற்பட்டது. இவ்வேகத்தின் பொருளை உணர ஒரு சிறு கணக்கைச் செய்துபார்ப்பது நல்லது.

ஈதர்நெட் என்னும் வலையமைப்பு முறையில் மிகச் சிறிய பொட்டலத்தின் அளவு 64 பைட். அதற்கு முன்னர் வரும் அடையாளத் துடிப்புக்கு 8 பைட். அடுத்த பொட்டலம் வருமுன் விடவேண்டிய இடைவெளிக்கு 12 பைட். ஆக மொத்தம் 84 பைட், அதாவது 672 பிட். நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஓடிய தொடக்கக்கால ஈதர்நெட்டில் இத்தகைய பொட்டலங்கள் நொடிக்கு 14,880 வரை வரலாம். 100 கிகாபிட் வேகத்தில் அதே பொட்டலங்கள் நொடிக்கு 14 கோடியே 88 லட்சம் வரும். ஒரு பொட்டலத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கிடைக்கும் காலம் 6.72 நானோ நொடி மட்டுமே. நொடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்குதான் நானோ நொடி.

3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள மையச் செயலகத்தின் ஒரு கரு, அந்த 6.72 நானோ நொடியில் ஏறத்தாழ 20 முறை துடிக்கும். இருபது துடிப்புகளுக்குள் பொட்டலத்தைப் பெற்று, முகவரியைப் படித்து, உள்ளடக்கத்தை ஆராய்ந்து, நல்லதா தீயதா என முடிவு கூறவேண்டும். முதன்மை நினைவகத்திலிருந்து ஒரே ஒரு முறை தரவைக் கொண்டுவருவதற்கே 100 நானோ நொடி அளவில் ஆகிவிடும் என வைத்துக்கொண்டால், அதற்குள் ஏறத்தாழ 15 பொட்டலங்கள் வாசலில் வந்து நிற்கும்.

சிக்கல் கணக்கோடு நிற்பதில்லை. பொட்டலம் வந்ததும் வலையமைப்பு அட்டை மையச் செயலகத்தின் வேலையை இடைநிறுத்தி, ‘வந்துவிட்டது’ என அறிவிக்கும். இதனைக் குறுக்கீடு என்பர். விருந்தினர் ஓரிருவர் வருகையில் வாசலுக்குச் சென்று வரவேற்றுவிட்டுச் சமையலைத் தொடரலாம். ஊரே திரண்டு வந்து நொடிக்கொரு முறை கதவைத் தட்டினால் வரவேற்பதே வேலையாகிவிடும். அடுப்பில் எதுவும் வேகாது. கணிப்பொறியும் இந்நிலையை அடையும். பொட்டலங்களைப் பெறுவதிலேயே முழு ஆற்றலையும் செலவிட்டு, பெற்ற எதையும் ஆராயாமல் கொட்டிவிடும். வெளியிலிருந்து பார்க்கையில் மும்முரமாக இயங்குவதாகவே தோன்றும். ஜெஃப்ரி மோகல், கே. கே. ராமகிருஷ்ணன் ஆகியோர் இந்நிலையையும் அதற்கான தீர்வையும் 1996-ஆம் ஆண்டு ஆராய்ந்து எழுதினர். தாக்குபவருக்கு இது தெரியும் என்பதுதான் கவலைக்குரியது. காவலரைக் கொல்ல வேண்டியதில்லை. ஓயாத வேலை கொடுத்தாலே போதும்.

பத்து நிமிடத்துக்குள் பரவிய புழு

இவ்வளவு விரைவு தேவைதானா என்னும் ஐயம் எழலாம். 2003-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் நிகழ்ந்ததை அறிந்தால் ஐயம் தீரும். அன்று ‘ஸ்லாம்மர்’ என்னும் கணிப்பொறிப் புழு இணையத்தில் வெளிப்பட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருளில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்திய அந்தப் புழு, தலைப்பகுதிகளையும் சேர்த்து 404 பைட் அளவேயுள்ள ஒற்றைப் பொட்டலத்தில் அடங்கியது. தொடக்கத்தில் ஒவ்வோர் எட்டரை நொடிக்கும் அதன் எண்ணிக்கை இரட்டித்தது. தாக்கப்படக்கூடிய கணிப்பொறிகளில் 90 விழுக்காடு பத்து நிமிடத்துக்குள் வீழ்ந்தன. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்த டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தின் பாதுகாப்புநிலை காட்டும் கணிப்பொறித் திரை பல மணிநேரம் செயலற்றுப்போனது. உலை அப்போது நிறுத்திவைக்கப்பட்டிருந்தது, அது நற்பேறு.

அப்பிழைக்கான திருத்தத்தை நிறுவனம் ஆறு மாதத்துக்கு முன்பே வெளியிட்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். வன்பொருள் எவ்வளவு விரைவாயினும், செய்யவேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் இருப்பவருக்கு அது மாற்றாகாது. எனினும் மனிதர் ஒருவர் எச்சரிக்கையைப் படித்து, மேலதிகாரியைக் கேட்டு, ஆணை தட்டச்சு செய்து முடிப்பதற்குள் பத்து நிமிடம் கடந்துவிடும். முடிவு எடுக்கும் இடம் கம்பிக்கு மிக அருகில் இருக்கவேண்டும் என்னும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

தேவையற்றதை முதலிலேயே விலக்குதல்

எல்லாவற்றையும் விரைவாகப் பார்ப்பது ஒரு வழி. பார்க்கத் தேவையில்லாததை விரைவாக விலக்குவது மற்றொரு வழி. இரண்டாவதுதான் அறிவுடைய வழி என்பது என் கருத்து. பெர்க்லி ஆய்வகத்தின் பணிகளும் பெரும்பாலும் அத்திசையிலேயே அமைந்தன.

அங்குப் பணியாற்றிய ஸ்டீவன் மெக்கேன், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் 1990-களின் தொடக்கத்தில் ஒரு வடிகட்டியை உருவாக்கினர். பொட்டலங்களை எல்லாம் படியெடுத்துப் பயனர் மென்பொருளிடம் கொடுத்து, அது பத்தில் ஒன்பதை வேண்டாமென எறிவது ஒரு முறை. படியெடுக்கும் உழைப்பு முழுவதும் வீண். அவ்விருவரும் வடிகட்டும் விதியையே சிறு நிரலாக்கி, இயக்க முறைமையின் உட்கருவுக்குள், படியெடுப்பதற்கு முன்பாகவே இயங்கச் செய்தனர். வேலையைப் பொட்டலம் பிறக்குமிடத்தை நோக்கி ஒரு படி நகர்த்திய செயல் இது. அவ்வடிகட்டியின் வழித்தோன்றல்கள் இன்றும் லினக்ஸ் இயக்க முறைமையில் வாழ்கின்றன.

அதே ஆய்வகத்தில் வெர்ன் பாக்ஸன் 1995-ஆம் ஆண்டு ‘புரோ’ என்னும் கண்காணிப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். ஜார்ஜ் ஆர்வெல்லின் புதினத்தில் அனைவரையும் இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கும் ‘பெரியண்ணன்’ நினைவாக அப்பெயரை இட்டார். கண்காணிப்பு இருக்குமிடத்தில் தனியுரிமை மீறப்படும் வாய்ப்பும் உடனிருக்கும் என்பதைப் பயன்படுத்துவோர் மறவாதிருக்கவே அவ்வாறு பெயரிட்டதாக அவர் குறிப்பிட்டார். 2018-இல் அதன் பெயர் ‘ஜீக்’ என மாற்றப்பட்டது. ஒரு கருவியை ஆக்கியவர் அதன் தீமையைப் பெயரிலேயே எழுதிவைப்பது அரிது. பெயரை மாற்றியதற்கு நியாயம் இருந்தாலும் பழைய பெயர் நேர்மையானது என்றே தோன்றுகிறது.

ஒளியிழையிலிருந்து அந்த மென்பொருளுக்குத் தரவு செல்லும் விதம் எளிது. இழையின் நடுவே ஓர் ஒளிப்பகுப்பி பொருத்தப்படுகிறது. உள்ளே வரும் ஒளியின் ஒரு பகுதியை அது கண்காணிப்புக் கருவியின் பக்கம் பிரித்தனுப்புகிறது. எஞ்சியது தன் வழியே செல்கிறது. ஒளிப்பகுப்பிக்கு மின்சாரமும் வேண்டாம். கண்காணிப்புக் கருவி பழுதுற்றாலும் போக்குவரத்து நிற்காது. ஸ்டோல் கிளையாகப் பொருத்திய அச்சுப்பொறியின் ஒளியிழை வடிவமே இது.

யானைகளும் எறும்புகளும்

அறிவியல் ஆய்வகத்தின் வலையமைப்பு ஓர் அலுவலகத்தினுடையதைப் போன்றதன்று. துகள் முடுக்கிகளும் தொலைநோக்கிகளும் மீக்கணிப்பொறிகளும் உருவாக்கும் தரவுத் தொகுதிகள் ஒரே இணைப்பின்வழி மணிக்கணக்கில் பாய்கின்றன. இவற்றை வலையமைப்பு அறிஞர் ‘யானைப் பாய்வு’ என்பர். மின்னஞ்சல், இணையப்பக்கம், முகவரித் தேடல் போன்றவை எறும்புகள். எண்ணிக்கையில் எறும்புகளே மிகப் பல. எடையில் யானைகளே மிகப் பெரிது. சில இணைப்புகளே மொத்தப் பைட்டுகளில் பெரும்பங்கைச் சுமக்கின்றன.

இனி ஊடுருவல் எங்கே நிகழும் எனக் கேட்டுப்பாருங்கள். யார் யாருடன் பேசுகிறார், எந்த நெறிமுறையில், எந்தக் கடவுச்சொல்லுடன் என்பவையெல்லாம் இணைப்பின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். இன்னார் இன்னாருக்கு விண்மீன் படங்களை அனுப்புகிறார் என உறுதியான பிறகு, அடுத்த மூன்று மணி நேரம் வரும் கோடிக்கணக்கான பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதில் பொருளில்லை. இவ்வுண்மையைப் பயன்படுத்தி, ஹோசே கொன்சாலெஸ், வெர்ன் பாக்ஸன், நிக்கோலஸ் வீவர் ஆகியோர் 2007-ஆம் ஆண்டு ஒரு முறையை முன்வைத்தனர். தொடர்வண்டியைக் கிளைத் தண்டவாளத்துக்கு மாற்றும் செயலைக் குறிக்கும் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். நாம் ‘தடம் மாற்றல்’ எனலாம்.

தடம் மாற்றலில் வன்பொருளிடம் இருப்பது சிறியதோர் அட்டவணை மட்டுமே. ஒவ்வொரு பொட்டலம் வரும்போதும், இது எந்த இணைப்பைச் சேர்ந்தது, இவ்விணைப்பைப் பற்றி என்ன முடிவு எனப் பார்க்கிறது. முடிவு மூன்றில் ஒன்று: கடந்து செல்லட்டும், தடுத்துவிடு, மென்பொருளிடம் காட்டு. புதிய இணைப்பாயின் காட்டு என்பதே விதி. சிந்திக்கும் வேலை மென்பொருளுடையது. சிந்தித்து முடித்ததும் அது வன்பொருளின் அட்டவணையில் ஒரு வரியை எழுதிவிட்டு அந்த இணைப்பிலிருந்து விடுபடுகிறது. வன்பொருள் அறிவாளியாக இருக்கவேண்டியதில்லை. களைப்பின்றிக் கீழ்ப்படிந்தால் போதும்.

2015-ஆம் ஆண்டளவில் பெர்க்லி ஆய்வகம் தன் 100 கிகாபிட் இணைப்பைக் கண்காணிக்க இக்கருத்தையே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தனியாக ஒரு வன்பொருளை வடிக்காமல், சந்தையில் கிடைத்த சுவிட்ச் ஒன்றை வாயிலில் நிறுத்தினர். அது பொட்டலங்களைப் பல கணிப்பொறிகளுக்குப் பங்கிட்டது. ஒரே உரையாடலின் கேள்வியும் விடையும் ஒரே கணிப்பொறிக்குச் செல்லும்படி பங்கிடவேண்டும் என்பது இதிலுள்ள நுட்பம். கேள்வி ஓரிடமும் விடை வேறிடமும் போனால் இரண்டு பேரும் பாதிக் கதையைத்தான் கேட்டிருப்பர். அனுப்புநர், பெறுநர் முகவரிகளிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, இருவரையும் இடம் மாற்றினாலும் அதே எண் வரும்படி செய்தால் இச்சிக்கல் தீர்கிறது. யானைப் பாய்வு எனக் கண்டறியப்பட்டதும் கண்காணிப்பு மென்பொருள் சுவிட்சுக்கு ஆணையிடும். எஞ்சிய பொட்டலங்கள் கணிப்பொறிகளை எட்டாமல் சுவிட்சிலேயே கழிக்கப்படும். அசல் போக்குவரத்துக்கு இதனால் பாதிப்பில்லை. கழிக்கப்படுவது பகுப்பி தந்த படிதான். இணைப்பின் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் பொட்டலங்கள் மட்டும் தொடர்ந்து காட்டப்படும். எப்போது முடிந்தது, மொத்தம் எவ்வளவு சென்றது என்பதைக் குறிக்க அவை வேண்டும்.

| தெரிந்து தெளிவோம் |
| நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான ‘டாக்’ என்னும் அட்டை, பொட்டலம் வந்துசேர்ந்த நேரத்தை வன்பொருளிலேயே பதிவுசெய்தது. அதன் கடிகாரத்தைப் புவியிடங்காட்டிச் செயற்கைக்கோள்களின் நேரத்தோடு இசைவிக்க முடிந்தது. மென்பொருள் குறிக்கும் நேரம், பொட்டலம் வரிசையில் காத்திருந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்வதால் பிழைபடும். இவ்வட்டையை அடிப்படையாகக் கொண்டு 2001-இல் ‘எண்டேஸ்’ என்னும் நிறுவனம் தோன்றியது. |

சொல்லைத் தேடும் எந்திரம்

விலக்கவே முடியாதவற்றின் உள்ளடக்கத்தைத் தேடித்தான் ஆகவேண்டும். மார்ட்டின் ரோஷ் 1998-இல் உருவாக்கிய ‘ஸ்நார்ட்’ என்னும் மென்பொருள் இத்தகையது. அறியப்பட்ட தாக்குதல்களின் அடையாளத் தொடர்கள் அதன் விதிகளில் எழுதப்பட்டிருக்கும். இன்று அத்தகைய விதிகள் பல்லாயிரம். ஒவ்வொரு பொட்டலத்திலும் பல்லாயிரம் தொடர்களைத் தேடவேண்டும். ஒவ்வொன்றாகத் தேடினால் யுகம் கழியும்.

இதற்கான விடை 1975-இலேயே கிடைத்துவிட்டது. பெல் ஆய்வகத்தின் ஆல்பிரட் ஏஹோ, மார்கரெட் கோராசிக் ஆகிய இருவரும் நூற்பட்டியல்களில் பல சொற்களை ஒருங்கே தேடுவதற்கென ஒரு வழிமுறையை வெளியிட்டனர். நம் மொழியிலேயே அதை விளக்கலாம். ‘கல்வி’, ‘கல்வெட்டு’, ‘வெட்டுக்கிளி’ ஆகிய மூன்றையும் ஓர் உரையில் தேடவேண்டும் எனக் கொள்வோம். முதலிரண்டும் ‘க’, ‘ல்’ என ஒரே வழியில் நடந்து பின்னர்ப் பிரிகின்றன. ஆகவே அவற்றை ஒரு மரத்தின் இரு கிளைகளாக்கலாம். உரையில் ‘கல்வெட்டுக்கு’ என்னும் சொல் வருகிறது. எந்திரம் எழுத்தெழுத்தாக நடந்து ‘டு’ வரை வந்ததும் ‘கல்வெட்டு’ கிடைத்தது என அறிவிக்கும். அடுத்து ‘க்’ வருகிறது. அக்கிளையில் மேலே வழியில்லை. ஆனால் இதுவரை படித்தவற்றின் இறுதிப்பகுதியான ‘வெட்டு’ என்பது ‘வெட்டுக்கிளி’யின் தொடக்கம். எனவே உரையில் பின்னோக்கிச் செல்லாமலே அடுத்த கிளைக்குத் தாவி ‘க்’ என்பதை ஏற்கும். அதற்கடுத்து ‘கி’ வந்தால் தொடரும். வந்தது ‘கு’ என்பதால் கைவிடும். தேடவேண்டிய சொற்கள் மூன்றாயினும் மூவாயிரமாயினும் உரையை ஒரே முறை முன்னோக்கிப் படித்தால் போதும். இவ்வழிமுறை ஊடுருவல் கண்டறிதலுக்கு அடித்தளமானது.

இதை வன்பொருளில் அமைக்க ஏற்றது ‘எஃப்.பி.ஜி.ஏ.’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சில்லு. சைலிங்ஸ் நிறுவனம் 1985-இல் இதனை முதன்முதலாக வணிகத்துக்குக் கொண்டுவந்தது. இதனுள் ஏராளமான தருக்க உறுப்புகளும் அவற்றை இணைக்கும் கம்பிகளும் உள்ளன. எந்த உறுப்பை எதனோடு இணைப்பது என்பதைத் தொழிற்சாலையைவிட்டு வெளிவந்த பிறகும் நாமே எழுதி மாற்றலாம். மையச் செயலகம் ஆணைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துச் செய்கிறது. இச்சில்லிலோ ஆணை என ஒன்றில்லை, வேலையே சுற்றாகிவிடுகிறது. நெசவாலையில் பஞ்சு ஒரு முனையில் நுழைந்து படிப்படியாக மறுமுனையில் துணியாவதைப்போல, பொட்டலம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு நிலை நகர்கிறது. எல்லா நிலைகளும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன.

வியப்புக்குரியது என்னவெனில் இச்சில்லின் துடிப்பு மெதுவானது. நொடிக்கு 25 கோடித் துடிப்பு எனக் கொண்டால், 3 கிகாஹெர்ட்ஸ் செயலகத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆயினும் ஒவ்வொரு துடிப்பிலும் 64 பைட் அகலத்துக்குத் தரவை விழுங்கும்படி சுற்றை அமைத்தால், நொடிக்கு 128 கிகாபிட் உள்ளே செல்லும். விரைந்து ஓடும் ஒருவரைவிட, மெதுவாக ஆனால் அகன்ற வரிசையாக நடக்கும் கூட்டம் அதிகச் சுமையைக் கொண்டுசேர்ப்பது போன்றதே இது.

தாக்குபவரும் வாளாவிருப்பதில்லை. ‘வெட்டுக்கிளி’ என்பதைத் தேடுகிறார்கள் எனத் தெரிந்தால் ‘வெட்டுக்’ என்பதை ஒரு பொட்டலத்திலும் ‘கிளி’ என்பதை மற்றொன்றிலும் வைப்பார். இரண்டாவதை முதலில் அனுப்புவார். பெறும் கணிப்பொறி அவற்றை வரிசைப்படுத்திப் படித்துக்கொள்ளும். பொட்டலம் பொட்டலமாகத் தேடும் காவலர் ஏமாறுவார். தாமஸ் டசெக், திமோதி நியூஷம் ஆகியோர் 1998-இல் இத்தகைய ஏமாற்று வழிகளை விரிவாக எடுத்துக்காட்டினர். ஆகவே காவலரும் இணைப்புதோறும் நினைவு வைத்து, துண்டுகளை ஒட்டிய பிறகே தேடவேண்டும். ஒரே வேளையில் ஓர் இலட்சம் இணைப்புகள் இருந்தால் ஓர் இலட்சம் நினைவுகள். சில்லுக்குள் இருக்கும் நினைவகமோ சிறியது. நெடுங்காலம் இத்துறையை முடக்கிய இடம் இதுதான்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ‘பிகாசஸ்’ என்னும் அமைப்பு அம்முடக்கத்தைப் பெரிதும் நீக்கியது. ஸ்நார்ட்டின் சின்னம் பன்றி. பிகாசஸ் என்பது சிறகுள்ள பன்றி. முந்தைய அமைப்புகளில் செயலகம் தலைமை தாங்க, சில்லு துணைநின்றது. இவர்கள் அதைத் தலைகீழாக்கினர். துண்டுகளை ஒட்டுவதும் தொடர்களைத் தேடுவதும் சில்லுக்குள்ளேயே முடிந்துவிடும். ஐயத்துக்குரியவை மட்டும் செயலகத்தின் இறுதித் தீர்ப்புக்குச் செல்லும். பெரும்பாலான பொட்டலங்கள் வரிசை தவறாமல் வருகின்றன என்பதால் அவற்றுக்கு விரைவுத் தடமும், வரிசை தவறிய சிலவற்றுக்கு மெதுவான தடமும் தனித்தனியே அமைத்தனர். 100 கிகாபிட் போக்குவரத்தை ஒரே கணிப்பொறியில், ஒரு சில்லும் சராசரியாக ஐந்து செயலகக் கருக்களும் கொண்டு ஆராய முடிந்தது. செயலகத்தை மட்டும் நம்பிய முறையோடு ஒப்பிடுகையில் மின்செலவு 38 மடங்கு குறைந்தது என அவர்கள் கணக்கிட்டனர்.

சுழலும் சக்கரம்

வேலையை வன்பொருளுக்கு மாற்றுவது எப்போதும் நன்மையே எனக் கருதிவிடக்கூடாது. மென்பொருளில் பிழை கண்டால் மாலைக்குள் திருத்தலாம். சில்லுக்கான சுற்றை மாற்றியெழுதி, அது காலக்கணக்குக்குள் இயங்குகிறதா எனச் சரிபார்ப்பதற்கு மணிக்கணக்கில் ஆகும். அதை எழுதத் தெரிந்தவர்களும் குறைவு. மேலும் காவலுக்கு வைத்த அட்டையும் ஒரு கணிப்பொறியே. அதற்குள் ஒருவர் புகுந்துவிட்டால், அனைத்தையும் காணக்கூடிய இடத்தில் அவர் அமர்ந்துவிடுவார்.

ஐவன் சதர்லாந்தும் டி. எச். மையரும் 1968-இல் திரைக்காட்சிச் செயலிகளைப் பற்றி எழுதியபோது வேடிக்கையான ஓர் உண்மையைக் கூறினர். மையச் செயலகத்தின் சுமையைக் குறைக்கத் தனிக்கருவி செய்கிறோம். அதற்கு ஒவ்வொரு திறனாகச் சேர்க்கிறோம். இறுதியில் அதுவே முழுக் கணிப்பொறியாகிவிட, அதன் சுமையைக் குறைக்க மற்றொரு தனிக்கருவி தேவைப்படுகிறது. இதனை அவர்கள் மறுபிறவிச் சக்கரம் என்றனர். வலையமைப்பு அட்டைகளின் வரலாறும் இச்சக்கரத்தில்தான் சுழல்கிறது. மைக்ரோசாப்ட் தன் மேகக் கணிமைச் சேவையின் புதிய வழங்கிகள் அனைத்திலும் 2015-இன் இறுதியிலிருந்து எஃப்.பி.ஜி.ஏ. பொருத்திய அட்டைகளை வைத்தது. 2018-இல் அத்தொகுதி பத்து இலட்சம் கணிப்பொறிகளைக் கடந்திருந்தது. வேறு சில நிறுவனங்களின் அட்டைகளில் இன்று தனிச் செயலகமும் தனி நினைவகமும் தனி இயக்க முறைமையும் இருக்கின்றன.

அறை எண் 641-அ

பெர்க்லியிலிருந்து விரிகுடாவின் மறுகரையில் இருக்கிறது சான் பிரான்சிஸ்கோ. அங்கு ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனத்தின் கட்டடத்தில் தொழில்நுட்பராகப் பணியாற்றிய மார்க் கிளைன் என்பவர் 2006-இல் சில ஆவணங்களை வெளிப்படுத்தினார். நிறுவனத்தின் முதன்மை ஒளியிழைகளில் ஒளிப்பகுப்பிகள் பொருத்தப்பட்டு, பிரிந்த ஒளி 641-அ என்னும் பூட்டிய அறைக்குச் செல்வதை அவை காட்டின. அவ்வறையில் போக்குவரத்தை ஆராயும் சிறப்புக் கருவிகள் இருந்தன. அது நாட்டின் பாதுகாப்பு முகமைக்காக அமைக்கப்பட்டது என அவர் கூறினார். பெர்க்லி ஆய்வகத்தில் ஊடுருவலைக் கண்டறிய உதவிய அதே ஒளிப்பகுப்பி, அதே வகைக் கருவி. அங்கே ஆய்வகம் தன் வாயிலைத் தானே பார்த்தது. இங்கே யாருடைய ஒப்புதலும் இன்றி மக்களின் உரையாடல் முழுவதும் பிரிந்து சென்றது என்பது குற்றச்சாட்டு. நிறுவனத்தின்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2008-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தொலைபேசி நிறுவனங்களுக்குப் பின்னோக்கிய விலக்களித்தது. 2009-இல் வழக்குத் தள்ளுபடியானது. 2012-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. அவ்வறையில் நடந்தது சட்டத்துக்கு உட்பட்டதா என்னும் கேள்விக்கு அவ்வழக்கில் விடை கிடைக்கவில்லை.

அதன் பின்னர் இணையம் மாறிவிட்டது. அஞ்சலட்டையாகச் சென்ற செய்திகள் ஒட்டிய உறைக்குள் செல்லத் தொடங்கின. இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதி இன்று மறையாக்கம் செய்யப்பட்டே செல்கிறது. 2018-இல் வெளிவந்த புதிய மறையாக்க நெறிமுறை, முன்பு வெளிப்படையாகச் சென்ற சான்றிதழையும் உறைக்குள் வைத்துவிட்டது. பல்லாயிரம் தொடர்களை ஒருங்கே தேடும் எந்திரத்தின் முன் இப்போது பொருளற்ற எழுத்துக் குவியலே வந்து நிற்கிறது. நிறுவனங்கள் சில, தம் வாயிலில் உறையைப் பிரித்துப் படித்து மீண்டும் ஒட்டி அனுப்புகின்றன; அதற்கான மறையாக்கக் கணக்குகளையும் வன்பொருளே செய்கிறது. அவ்வாறு பிரிப்பதை வேறு சிலர் ஏற்பதில்லை.

உறையின்மேல் எழுதியிருப்பது மறையவில்லை. யார் யாருக்கு, எப்போது, எத்தனை பைட், எவ்வளவு இடைவெளியில் என்பன கம்பியருகே இருப்பவருக்கு இன்னும் தெரியும். பெர்க்லியின் மென்பொருள் ஒவ்வோர் இணைப்பு முடியும்போதும் இவ்விவரங்களை ஒரு வரியாக எழுதிவைக்கிறது. நள்ளிரவில் ஒரு கணிப்பொறி, இதுவரை பேசியறியாத முகவரிக்கு, ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரே அளவில் ஒரு செய்தி அனுப்பினால் அதைக் காட்டிக்கொடுக்க அவ்வரிகளே போதும். உறை பிரிக்கப்படாமலேயே காவலர் எழுந்துகொள்கிறார். ஒருவர் எந்த மருத்துவமனையின் பக்கத்தை எத்தனை முறை பார்த்தார் என்பதையும் அதே வரிகள் சொல்லும்.